பேப்பர் ஃபில்டர் போதும்

“இருக்கறதுலயே ஒசத்தியா எடும்மா,” என்றாள் சொர்ணலட்சுமி.

சாத்தூர் நாலுவழிச் சாலையோரம் இருந்த அந்தக் கார் உதிரிபாகக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் முத்துமாரி மட்டும்தான் இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை.

இஞ்சினுக்குள் போகிற காற்றை வடிகட்டுகிற சாமான்கள் மூன்றை அவள் எடுத்து வந்து கண்ணாடி மேசைமேல் வைத்தாள். முனையில் சிவப்புக் கூம்பு மாட்டிய நீளமான வளைகுழாய் ஒன்று. கழுவிக் கழுவிப் போடுகிற பஞ்சு ஃபில்டர் ஒன்று. எல்லாக் காரிலும் வருகிற சாதாரணப் பேப்பர் ஃபில்டர் ஒன்று.

“ஒசத்தி அப்புறம் இருக்கட்டும்மா. முதல்ல வண்டியப் பாத்துருவோம்.”

சொர்ணலட்சுமி சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்துகிறவள். வேலை கேட்டு வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்குள்ளேயே எடைபோட்டுவிடுகிற கண். இந்தப் பெண்ணையும் அந்தக் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பானெட்டைத் தூக்கியதும் முத்துமாரி எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்தாள்.

அது சொர்ணலட்சுமிக்குப் பிடித்திருந்தது. புது மெஷின் முன்னால் நல்ல ஆட்கள் அப்படித்தான் நிற்பார்கள். அரைகுறைகள்தான் வந்ததும் கையை நீட்டும்.

ஃபில்டர் பெட்டியைத் திறக்கும்போது ஒரு கிளிப் தெறித்துக் காருக்கடியில் ஓடியது. “ஏலே, எங்க போற?” என்று கிளிப்பை வைதபடி முத்துமாரி மண்ணில் முழங்கால் போட்டாள். தன்னையறியாமல் சொர்ணலட்சுமியும் பட்டுச்சேலையோடு குனிந்தாள். முன்சக்கரத்தின் ஓரத்தில் கிடந்ததை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

பழைய ஃபில்டரைத் தரையில் தட்டியதும் கரிசல் புழுதி குபீரென்று கிளம்பியது.

“பாருங்க, எம்புட்டுத் தின்னுருக்குன்னு. இது இல்லேன்னா இம்புட்டும் இஞ்சினுக்குள்ள போயிருக்கும்.”

பிறகு பஞ்சு ஃபில்டரை வாசல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஊசி ஊசியாக வெளிச்சம் கசிந்தது. பேப்பர் ஃபில்டரைப் பிடித்தாள். மடிப்பு மடிப்பாக மங்கிய மஞ்சள்தான் தெரிந்தது. ஓட்டை என்று ஒன்றுகூட இல்லை.

சொர்ணலட்சுமி அதை வாங்கித் தாளின் விளிம்பை விரலால் நெருடினாள். தாளைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல தாள்.

ஆனாலும் விடவில்லை. “அந்தக் குழாயப் போடேன். அதுதான விலை கூட?”

“விலை கூடத்தான். வெளிக்காத்தக் குளுகுளுன்னு இழுக்கும், வண்டியும் சும்மா உறுமும். ஆனா குழாய் வாய் பம்பருக்கு அடியில வரும்மா. மழைக்கு ஆனைக்குட்டம் பக்கம் ரோட்டு மேல தண்ணி நின்னா, காத்துக்குப் பதிலாத் தண்ணியக் குடிச்சிரும். அன்னிக்கே இஞ்சின் காலி.”

“நீயா இருந்தா எத மாட்டுவ?”

முத்துமாரி சிரித்தாள். “நான் அந்தக் குழாயத்தான் மாட்டுவேன். அந்தச் சத்தத்துக்காகவே. எனக்குக் கிறுக்கு. ஒங்களுக்கு வேண்டாம். பேப்பர் போதும்.”

பொய் சொல்லி விற்றிருக்கலாம். பொய் சொல்லித் தன்னை நல்லவளாகவும் காட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. இப்படி ஒருத்தி அச்சகத்தில் இருந்தால் சீசன் நேரத்தில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொர்ணலட்சுமி நினைத்தாள்.

முத்துமாரி பெட்டியின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தாள். மூலைகளில் விரலை விட்டுத் துடைத்தாள். யார் பார்க்கப்போகிறார்கள் அந்த மூலைகளை? புது ஃபில்டரை வைத்து, ஓரம் பிதுங்காமல் நாலு பக்கமும் அழுத்தி, கிளிப்புகளைப் பூட்டினாள்.

சொர்ணலட்சுமி காரில் ஏறி உட்கார்ந்தாள். இஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது. இனி இங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் கிளம்பாமல், மூன்றாவது தடவையாக, “வேற ஏதும் பாக்கணுமா?” என்று கேட்டாள்.

முத்துமாரி கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் குனிந்தாள்.

“வண்டியில பாக்க ஒண்ணும் இல்ல. ஒங்க மகன் இப்பச் சாப்பிட வந்துருவாக. இருந்து பாத்துட்டுப் போங்க அத்தை.”

சொர்ணலட்சுமி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். மகனின் கல்யாணத்துக்குப் போகாதவள் அவள். மருமகளின் படத்தைச் சொந்தக்காரர்கள் கைபேசியில் நீட்டியபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்.

“எப்பத் தெரிஞ்சது ஒனக்கு?”

“நீங்க காரை விட்டு எறங்குனப்பவே. அச்சு அசலா அவுக நடை.”

ஆக, எல்லாம் தெரிந்துதான் ‘ஒங்களுக்கு வேண்டாம்’ என்றிருக்கிறாள். இவ்வளவு காலம் கழித்து வந்து நிற்கிற மாமியாரிடம், கேட்டதைக் கொடுத்து நல்ல பெயர் வாங்கப் பார்க்காமல்.

சொர்ணலட்சுமி இஞ்சினை அணைத்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல், அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஒட்டியிருந்த புழுதியைப் பார்த்தாள்.

“என்ன கொழம்பு வச்சிருக்க?” என்று கேட்டாள்.