இல்லாத பட்டன்

மில்ரனின் பெருவிரல் நான்காவது தடவையும் போனின் அடிப்பக்கம், வலது மூலையில் போய்த் தட்டியது.

அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் கண்ணாடி.

பக்கத்துக் கதிரையில் இருந்த டினோஜா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்துக்குக் கீழே புதிதாக ஆறிய ஒரு வெட்டுக்காயம். மற்றபடி உழைத்துக் காய்த்த நல்ல விரல்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு, நறுவிலிக்குளத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பெரியவர்கள் முன்னறையில் இருக்க, இவர்கள் இருவரையும் பத்து நிமிடம் பேசச் சொல்லி விறாந்தையில் விட்டிருந்தார்கள்.

தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையை நிலத்தில் வைத்தவன், வயல் படம் காட்டுகிறேன் என்று ஐபோனை எடுத்தான். அந்த நேரம் பார்த்து, முன்னறையில் இருந்தபடியே அவனுடைய அக்கா மாக்கிறட் ஒரு செய்தியைத் தட்டிவிட்டாள். விரல் தவறி அது திறந்துகொண்டது.

'பொம்பிளை பிடிச்சிருக்கோடா? கெதியாச் சொல்லு.'

கொட்டை எழுத்து. டினோஜாவுக்கும் தெளிவாகத் தெரிந்தது. அதிலிருந்து வெளியே வரத்தான் அந்த விரல் இந்தப் பாடுபட்டது.

டினோஜா மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஐந்து வருடமாகப் போன் திருத்துகிறாள். ஆளைப் பார்க்க மாட்டாள், விரலைப் பார்ப்பாள். திரும்பி வரும் பட்டன் வலப்பக்கம் உள்ள போனில் பழகிய விரல், வலது மூலைக்குப் போகும். இடப்பக்கம் உள்ளதில் பழகியது இடது மூலைக்கு. ஐபோனில் பழகியது மூலைக்கே போகாது. ஓரத்தைத் தொட்டு உள்ளே தள்ளும். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரல் தன் வீட்டுக்குப் போய்விடும்.

இந்த விரலின் வீடு ஐபோன் இல்லை.

அப்படியென்றால் போன் இரவல்.

இரவல் என்பது அந்த வீட்டில் சும்மா ஒரு சொல் இல்லை. ஏழு வருடத்துக்கு முன் அவளுடைய அக்கா அன்ரோனெற்றைப் பார்க்க வந்தவன் வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். கலியாணம் முடிந்த மறுநாளே கார் கூட்டாளியிடம் போய்விட்டது. அவன் சொன்ன கந்தோர் உத்தியோகமும் அந்தக் காரைப் போலத்தான். அடுத்த வருடம் அவனும் போய்விட்டான். இப்போது அக்கா தன் பிள்ளையோடு பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். வந்தவர்கள் போகும்வரை வெளியே வருவதில்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.

அம்மா காலையிலேயே, சமைத்துக்கொண்டே டினோஜாவைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "பிடிக்கேல்லையெண்டா வாயால ஒண்டும் சொல்ல வேண்டாம் பிள்ளை. அவர் குடிச்ச கோப்பையை எடுத்துக்கொண்டு இஞ்ச வா. மிச்சத்தை நான் பாக்கிறன்."

டினோஜா குனிந்து கோப்பையைப் பிடித்தாள்.

எழும்பும் முன் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இது ஆற்றை போன்? இரவலோ?"

"என்ரதான்."

"உங்கட விரல் அப்பிடிச் சொல்லேல்லையே. அந்த மூலையில என்ன தேடுறீங்கள்? உதில பட்டனே இல்லை."

மில்ரன் விரலை மடக்கிக்கொண்டான். முன்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்து அவளிடம் நீட்டினான். பழைய சம்சுங். கரையெல்லாம் காய்ந்த சேறு.

அதன் முதுகில் ஒரு துண்டு வெள்ளை ஒட்டுநாடா இருந்தது. நீலப் பேனாவால் எழுதியிருந்தது: 'அடிப்பக்கம் தொட்டால் வேலை இல்லை. தண்ணீர்.'

திருத்த வரும் போன்களில் டினோஜா ஒட்டும் குறிப்பு. அவளுடைய கையெழுத்து.

முகம் நினைவில் வரவில்லை. விரல் வந்தது. பெருவிரலில் பெரிய துணிக்கட்டு. வரம்பு வெட்டும்போது மண்வெட்டி பட்டதென்று சொன்ன குரல். பழையதைத் திருத்த முடியாதென்றானதும், புதுப் போன் தேடி அந்தக் கட்டு விரல் கடை மேசையில் அரை மணித்தியாலம் அங்கும் இங்கும் அலைந்தது. மூன்று பட்டன் உள்ளதை எடுப்பதா, ஒன்றுமே இல்லாததை எடுப்பதா? பட்டன் இல்லாவிட்டால் திரும்பி வருவது எப்படி? வேறொரு போனின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்த டினோஜா, எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவனுக்கும் சொன்னாள். ஐபோனையே எடுங்கோ, மூண்டு கிழமையில விரல் பழகிடும்.

"இரவல் இல்லை," என்றான் மில்ரன். "நீங்கள் எடுக்கச் சொல்லி எடுத்தது. மூண்டு கிழமை எண்டனீங்கள். நாளையோட ஆறு கிழமை. விரல் இன்னும் பழகேல்லை."

"அப்ப கடைக்கு வந்து சொல்லியிருக்கலாமே."

"முறைப்பாடு சொல்ல மூண்டு தரம் வந்தனான். நீங்கள் தலை நிமிரவே இல்லை. அதுதான் அக்காவைக் கூட்டிக்கொண்டு இஞ்ச வந்தனான்."

டினோஜா கோப்பையை விட்டுவிட்டு, முதல் தடவையாக அவனுடைய முகத்தைப் பார்த்தாள்.

அவனுடைய விரல் மறுபடியும் அந்த வலது மூலைக்குப் போனது.

"அவசரப்பட்டு வெளியில வராதைங்கோ," என்றாள். "முதல்ல அக்காவுக்குப் பதிலைப் போடுங்கோ."

குசினிக்குள் அம்மா, கோப்பை வருகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

சத்தம் வரவில்லை.