கத்தாத பிரேக்

"சத்தம் போட்டா என்ன, வண்டி நிக்குதுல்ல? விடுங்க," என்று காரின் பிரேக்கைச் சரிசெய்யக் கிளம்பியவரைத் தடுத்தாள் மனைவி.

"ஆமாப்பா, எங்களுக்குப் பழகிடுச்சு," என்று மகளும் ஒத்து ஊதினாள். சின்னவனோ ஒரு படி மேலே போய் காரைத் தூக்கும் ஜாக்கியை ஒளித்தே வைத்துவிட்டான்.

அவருக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளைகளுக்குக்கூடத் தன் உயிர்மேல் அக்கறையில்லையா? ஜாக்கியைத் தேடியெடுத்து, சக்கரங்களைக் கழற்றி, தேய்ந்து தகடாகிப் போயிருந்த பிரேக் பேடுகளை அவரே மாற்றினார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே போயிற்று.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தவர் வாசலில் பிரேக்கை மிதித்தார். வண்டி பூனை மாதிரி நின்றது. பெருமையோடு இறங்கினார்.

வீட்டுக்குள் பாட்டு அலறியது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சோபாமேல் சின்னவன் குதித்துக்கொண்டிருந்தான். மகள் ஆடினாள். மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததேயில்லை. தினமும் அவர் நுழையும்போது பிள்ளைகள் புத்தகமும் கையுமாக இருப்பார்கள். ஊசி விழுந்தால் கேட்கும்.

"அம்மா, இனிமே தெருமுனையில பிரேக் கத்தாதும்மா!" என்று மகள் கத்தினாள். "அப்பா வர்றாரான்னு ஜன்னல்ல பாத்துக்கோ!"

அவர் சட்டென்று குனிந்துகொண்டார், சொந்த வீட்டிலேயே திருடனைப் போல.

பதுங்கிப்போய் வண்டியை மெல்லப் பின்னால் எடுத்தார். தெருமுனைக்குப் போய் நீளமாக ஹாரன் அடித்தார். பிள்ளைகள் புத்தகத்தைத் தேடி எடுக்கட்டும் என்று அங்கேயே காத்திருந்தார்.