ரெயின்கோட் விதி

ஜீயபுரம் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திய முருகானந்தம், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வானத்தைப் பார்வையிட்டார்.

வானம் பிடி கொடுக்கவில்லை. ஸ்ரீரங்கம் பக்கம் வெயில். முசிறி பக்கம் கருகருவென்று இருட்டு.

மூன்று பேர் பைக் குழுவுக்கு டி-ஷர்ட் அச்சடித்துக் கொடுத்தவர் என்பதால் அவர்தான் கேப்டன். விதிகளும் அவருடையவை. அதில் தலையாயது: மழை வந்து, ஒருவரிடம் ரெயின்கோட் இல்லையென்றாலும் மலையேற்றம் ரத்து. எல்லோரும் திரும்பிவிட வேண்டும்.

ஸ்டீபன்ராஜ் மலைபோல நம்பியிருந்தது அந்த விதியைத்தான்.

இன்றைக்குக் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கொட்டும் மழையில் தனியாளாகக் கொடைக்கானல் ஏறியவன் என்று குழுவில் அவனுக்குப் பெயர். அதைப் பரப்பியதும் அவன்தான். உண்மையில் அவன் கொடைக்கானல் போனது பஸ்ஸில். அதிலும் ஜன்னலோரம் வேண்டாம் என்று கேட்டு இடம் மாற்றிக்கொண்டு.

முதல் வளைவிலேயே குட்டு உடைந்துவிடும். அதனால் காலையில் ரெயின்கோட்டைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் செருகிவிட்டான்.

"ரெயின்கோட் எடுத்துக்கிட்டீங்களா?" என்று வாசலில் விஜயராணி கேட்டாள். பையில் இருக்கிறது என்றான்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவன் மனைவி ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிற ரகம் இல்லை. மன்னார்புரம் தாண்டியும் அது உறுத்திக்கொண்டே வந்தது.

"மழையெல்லாம் வராதுங்க. இது சும்மா மிரட்டிட்டுப் போயிடும்," என்றாள் டீ ஆற்றிக்கொண்டிருந்த மயிலம்மாள்.

மூன்று பேரும் அவளைப் பகையாளியைப் போலப் பார்த்தார்கள். தனக்கு ஏன் கோபம் என்று ஸ்டீபன்ராஜுக்குத் தெரியும். மற்ற இருவருக்கும் என்ன வந்தது?

அப்போது கேப்டனின் ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. வானத்திலிருந்து விழுந்ததா, கடைக் கூரையிலிருந்தா என்று யாரும் விசாரிக்கவில்லை.

ரெயின்கோட்டை எடுக்கச் சொன்னார் கேப்டன்.

ஸ்டீபன்ராஜ் வருத்தமான முகத்தைத் தயார் செய்துகொண்டு முதுகுப் பையைத் திறந்தான்.

உள்ளே, இட்லிப் பொட்டலத்துக்கு மேல், பட்டுப் புடவையை மடிப்பதுபோல மடித்து வைத்திருந்தது ரெயின்கோட்.

சட்டென்று ஜிப்பை இழுத்து மூடினான். வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்றான்.

உறையூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ரஃபீக்கும் தன் பையைத் திறந்தான். கை நுழைகிற அளவுக்குத்தான். அவனும் மறந்துவிட்டானாம். வண்டி சீட்டுக்கே மழைக்கு உறை தைத்துப் போடுகிறவன்.

கேப்டன் தன் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"உங்க ரெண்டு பேரால ஒரு மலையே போச்சேடா," என்று பெருமூச்சு விட்டார். விட்ட கையோடு வண்டியை முதலில் திருப்பியவரும் அவர்தான்.

முசிறி மேகம் துரத்திக்கொண்டே வந்து குடமுருட்டிப் பாலத்தில் பிடித்தது. மிரட்டல் இல்லை. கொட்டியது.

மற்ற வண்டிக்காரர்கள் ஓரம்கட்டி ரெயின்கோட் மாட்டிக்கொண்டார்கள். இவர்கள் மூவரும் தொப்பலாக நனைந்தபடி போனார்கள்.

ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் கேப்டனின் பை வாய் திறந்தது. நீல ரெயின்கோட் ஒன்றின் கை வெளியே சரிந்து, பின்னால் வருபவர்களுக்கு டாட்டா காட்டுவதுபோல ஆடியது.

அதைச் சொல்லத்தான் ரஃபீக் வேகமெடுத்தான். கேப்டனை நெருங்கினான். என்ன நினைத்தானோ, பின்தங்கினான். அவனுடைய இடது கை முதுகுப் பக்கம் போய், தன் ஜிப் மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தது.

ஸ்டீபன்ராஜும் தன்னுடையதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பத்திரமாக மூடியிருந்தது.

உள்ளே, விஜயராணி மடித்த மடிப்புக் கலையாமல், சொட்டு ஈரம் படாமல், ரெயின்கோட் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.