நாலாவது மெஷின்

“மூணு மெஷின்தானே ஓடணும்னு சொன்னீங்க? இங்க நாலு ஓடுது. நாலாவது யாருது?”

திரையில் விரல் வைத்து மனைவி எண்ணிக் காட்டியதும் கணவன் திருதிருவென்று விழித்தான். அவன் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் விற்பவன். தன் சொந்த லேப்டாப்புக்குள்ளேயே தனித்தனிக் கம்ப்யூட்டர் போல மூன்று ‘வெர்ச்சுவல் மெஷின்’களைத் திறந்து, வரவேற்பறை, மருந்தகம், டாக்டர் அறை என்று ஒவ்வொன்றிலும் வேலை நடப்பதைக் காட்டினால்தான் வாங்குகிறவர்கள் நம்புவார்கள். இந்தப் புது வேலையில் இரண்டு முறை காட்டப் போய், இரண்டு முறையும் மூன்றும் சேர்ந்து படுத்துவிட்டன. இன்று நாலு மணிக்கு மூன்றாவது முறை. இதையும் கோட்டைவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் மனைவியின் அண்ணனை வரவழைத்தார்கள். பெரிய அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர் அவர். தங்கையும் மாப்பிள்ளையும் இரண்டு பக்கமும் ஒட்டி நின்று பார்க்க, ஒரு மணி நேரமாக எதையெதையோ மூடினார், திறந்தார். வேகம் வந்தபாடில்லை. வேலை நேரத்தில் செஸ் ஆடினால் மெஷின் எப்படி ஓடும் மாப்பிள்ளை என்று நடுவில் ஒரு குத்து வேறு. அவன் செஸ் ஆடுவது மனைவிக்கே தெரியாது. கடைசியில், மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றார். அப்போதுதான் அவள் குனிந்து எண்ணினாள்.

அந்த நாலாவது மெஷின் திரையில் தலைகாட்டாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பாதி மெமரியை அதுவே விழுங்கியிருந்தது. திறக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்டது.

“சத்தியமா எனக்குத் தெரியாது,” என்றான் கணவன்.

அவள் நம்பவில்லை. போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போவது, அவள் அறைக்குள் வந்தால் லேப்டாப்பைப் பாதி மூடுவது என்று எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

அண்ணன் பெருந்தன்மையாக நடுவில் புகுந்தார்.

“விடும்மா. ஆம்பளைங்கன்னா ஆயிரம் இருக்கும். அழிச்சிடறேன். நீ பாக்காம இருக்கறதே நல்லது.”

கணவன் சட்டென்று குறுக்கே கை நீட்டினான். “அழிக்காதீங்க மச்சான். அழிச்சா, நான்தான் வெச்சிருந்தேன்னு ஆயிடும். வேலை போனாப் போகுது. திறந்து பாத்துடுங்க.”

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அவள் அண்ணனின் கையை விலக்கி, அந்த மெஷினின் பெயரை அழுத்தினாள். அளவு, இருக்கும் இடம், உருவாக்கிய தேதி என்று விவரங்கள் வந்தன. தேதியைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப் போனது.

“நம்ம கல்யாணத்துக்கு முந்தின நாள்,” என்றாள் கணவனிடம்.

அண்ணன் உச்சுக்கொட்டினார். “இந்த இடம் வேணாம்னு அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நீதான் கேக்கல.”

அவள் லேப்டாப்பை மெதுவாக அண்ணன் பக்கம் திருப்பி வைத்தாள்.

“அன்னைக்கு இந்த லேப்டாப் நம்ம வீட்டு பீரோவுல, இவருக்குக் குடுக்க நீ சுத்தி வெச்ச கிஃப்ட் பேப்பருக்குள்ள இருந்துச்சு அண்ணா. பாஸ்வேர்டை நீயே போடு.”