இறங்காத எண்

“எழுபத்து நாலா? முந்தாநாள் அறுபத்தொண்ணுதானே சிஸ்டர் இருந்துச்சு!”

மூன்றாம் படுக்கைக்காரரின் மனைவி ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டார். எப்படிப் பார்த்தாலும் எண் குறைகிற வழியாக இல்லை.

நர்ஸுக்குப் பாவமாக இருந்தது. மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து ஆறு நாள் ஆகிவிட்டது. உடம்புக்குள் இருக்கும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்கிற அந்த எண் இந்நேரம் படியிறங்கி வாசலுக்கு வந்திருக்க வேண்டும். இதுவோ மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“இது இறங்கலைன்னா இதயம் இன்னும் ஆறலையோன்னு யோசிக்கிறாரும்மா. மறுபடி அட்டாக் வரவும் வாய்ப்பு அதிகமாம். அதான் வீட்டுக்கு அனுப்பல.”

“இவரு இல்லாம எனக்கு ஒரு டப்பா மூடி திறக்கக்கூடத் தெரியாது சிஸ்டர்” என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படுக்கையிலிருந்து ஓர் இடி முழங்கியது.

“எதுக்குடி அழறே? முப்பத்தெட்டு வருஷம் எத்தனை பேர் என் முன்னாடி கைகால் உதறிக்கிட்டு உக்காந்திருக்கான்! பயில்வான்கூடக் கெஞ்சினான், ‘ஐயா, இன்னிக்கு விட்டுடுங்க’ன்னு. விட்டேனா? எமனே வந்தாலும் உக்கார வச்சுத்தான் பேசுவேன்!”

இரண்டு படுக்கை தள்ளித் தொங்கிய குளுக்கோஸ் பாட்டில் ஆடி அடங்கியது. போலீஸ் இன்ஸ்பெக்டர், குறைந்தபட்சம் ஜெயில் அதிகாரி என்று நர்ஸ் முடிவுகட்டினாள். அந்த மீசைக்கு அதற்குக் கீழே உத்தியோகம் பொருந்தாது.

“ஏங்க, வேற எங்கயாவது வலிக்குதா? சொல்லித் தொலைங்களேன்!”

“வலியா? எனக்கா?”

நர்ஸ் சிரித்தபடி மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். தண்ணீர் அப்போதுதான் ஃபிரிட்ஜிலிருந்து வந்தது. ஒரே மடக்கு. மாவீரர் படுக்கையை விட்டு ஓர் அடி எழும்பினார். மின்விசிறியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கினார் என்று அந்த வார்டே சத்தியம் செய்யும். இறங்கியவர் கை இடது தாடையைப் பிடித்திருந்தது.

“ஐயோ, தாடைவலி! மறுபடி அட்டாக்!” என்று மனைவி அலறினார்.

டாக்டர் ஓடி வந்தார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸுக்குத்தான் ஏதோ பொறி தட்டியது.

“ஐயா, வாயைத் திறங்க.”

வாய் பூட்டுப் போட்டுக்கொண்டது.

“திறங்கன்னா!”

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், இடது கீழ்க் கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு எலுமிச்சம்பழம்போல வீங்கி, சீழ் கோத்திருந்தது.

“அட, அந்த சி.ஆர்.பி.யை ஏத்தி விட்டது இதுவாத்தான் இருக்கும்!” என்றார் டாக்டர். “எத்தனை நாளா?”

“ஒரு மாசமா...” இடி இப்போது எறும்பாகியிருந்தது.

“ஏன் சொல்லல?”

“சொன்னா... பிடுங்கிடுவாங்க.”

“அடப்பாவி மனுஷா! ஆறு நாளா நான் செத்துச் செத்துப் பிழைக்கிறேன், ஒரு பல்லுக்குப் பயந்துகிட்டா...!” மனைவி தலையணையால் ஒரு போடு போட்டார். போட்ட கையோடு அவர் தோளிலேயே சாய்ந்து அழுதார்.

அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியின் பல் டாக்டரம்மா பெட்டியோடு வந்தார். படுக்கையில் இருந்த முகத்தைப் பார்த்ததும் சட்டென்று கைகூப்பினார்.

“சார்! நீங்களா? கவலையே படாதீங்க. உங்க கிளினிக்ல நீங்க எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் பிடுங்கப்போறேன்.”

“அதனாலதாம்மா பயமே!” என்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார், முப்பத்தெட்டு வருஷம் ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கிய அந்தப் பல் டாக்டர்.