தாரை வார்த்த கை

ஈஸ்ட் ஹாம் மண்டபத்தின் வெள்ளைச் சுவரில் பழைய கலியாண வீடியோக்கள் சத்தமில்லாமல் ஓடுகின்றன. வீடு வீடாகப் போய் அந்தக் கசெட்டுகளைச் சேர்த்த ஜதுர்ஷிகா, சனத்தின் முன் அந்த வெளிச்சத்துக்குள் வெறுங்கையோடு நின்று, சுவரில் நடப்பதை நடித்துக் காட்டுகிறாள். மணப்பெண்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். யுத்தத்தால் ஊரிலிருந்து வரமுடியாத தாய்மாருக்குப் பதிலாகச் செம்பைச் சரித்துத் தாரை வார்க்கிற பெண் மட்டும் மாறவேயில்லை. முன்வரிசையில் இருக்கும் கலாவதியின் மடியிலிருந்து கைப்பை நழுவுகிறது.

"அன்ரி, அது நீங்களெல்லே?" என்று பக்கத்துப் பெண் குனிந்து கேட்கிறாள்.

"ஓம் பிள்ளை. ஆர் கேட்டாலும் போய் நிப்பன்."

சுவரில் நீர் விழுந்து முடிகிறது. உடனே அந்த இளைய கலாவதி தலையைத் திருப்பி மண்டப வாசலைப் பார்க்கிறாள். அடுத்த கலியாணத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். மணப்பெண்ணைப் பெற்றவள் ஒருவேளை வந்துவிட்டாளோ என்று தேடுகிற பார்வை. தான் அப்படிப் பார்த்தது இத்தனை காலமும் கலாவதிக்கே தெரியாது. ஜதுர்ஷிகா இல்லாத செம்பை மெல்லச் சரிக்கிறாள். கடைசித் துளி விழும்வரை பொறுத்திருந்து, வாசலைத் திரும்பிப் பார்க்கிறாள். கதிரைகள் கிரீச்சிட, இருந்த சனம் முழுவதும் அவளோடு திரும்புகிறது. முன்வரிசையில் கலாவதி எழுந்து, வரமுடியாத தாய்க்கு இடம் விடுவதுபோல் தன் கதிரையை விட்டுத் தள்ளி நிற்கிறாள்.