பதினெட்டாவது கிலோமீட்டர்

தங்கை கணவரின் லாரி போகிற வழியிலெல்லாம் நின்று உயிரை வாங்கியது. என் மெக்கானிக் ஷெட்டில் வைத்து, இன்ஜினை இயக்கும் சின்னக் கணினியான ஈசிஎம்மைக் கழற்றிவிட்டு, சீல் பிரிக்காத பெட்டியிலிருந்து புதியதை மாட்டினேன். லாரி அதுவரை ஓடிய தூரத்தைப் புதியதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். 4,12,300 என்று அடித்தேன்.

உடனே லேப்டாப்பில் ஒரு பழைய பதிவு வந்தது. திடீர் பிரேக், 4,12,318 கிலோமீட்டரில். அழித்தேன். மறுபடி வந்தது.

தங்கை வீடு இங்கிருந்து சரியாகப் பதினெட்டு கிலோமீட்டர்.

“பெட்டிக்குள்ள ஜோசியக்காரனையும் சேத்து அடைச்சு விக்கிறானுங்களா மச்சான்?” என்று அவர் சிரித்தார்.

“சிரிக்காதீங்க மாப்பிள்ளை. லாரி இங்கயே கெடக்கட்டும், என் பைக்க எடுத்துக்கிட்டுப் போங்க.”

அவர் கிளம்பியதும் ஷெட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கை கழுவும்போது தங்கை போனில் கூப்பிட்டாள்.

“பிரேக் சத்தம் கேட்டு வெளிய ஓடினேண்ணா. வாசல்ல அவரு கெடந்தாரு. இடிச்ச லாரி நிக்காம திரும்பிப் போயிடுச்சு.”

ஷெட்டுக்கு ஓடினேன். பூட்டு போட்டபடியே இருந்தது. லாரி விட்ட இடத்திலேயே நின்றது.

இன்ஜின் மீது கை வைத்தேன், சுட்டது. மீட்டரில் 4,12,336. போகப் பதினெட்டு, வரப் பதினெட்டு.